விகிதக் கணக்கு டேட்டா சஃபிஷியன்சியில் வந்தால் போதுமா போதாதா என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கணக்குத்தோணி:

வணக்கம். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுத இன்னும் 6 வாரம்தான் இருக்கிறது. விகிதக் கணக்கை நேராகக் கொடுத்தால் போட்டுவிடுகிறேன், விடையும் சரியாக வந்துவிடும். அதே விகிதம் டேட்டா சஃபிஷியன்சியில், அதாவது விடையைக் கண்டுபிடிக்காமல் கொடுத்த இரண்டு கூற்று அதற்குப் போதுமா என்று மட்டும் சொல்லும் வகையில், வந்தால் இடறுகிறது. போன இரண்டு வாரத்தில் போட்ட 22 கேள்விகளில் 13 தவறு, அந்த 13-ல் கூட்டல் பெருக்கல் பிழை என்று ஒன்றுகூட இல்லை, எல்லாமே போதும் என்ற கூற்றைப் போதாது என்றோ போதாததைப் போதும் என்றோ சொன்னதுதான். நேரமும் போகிறது. இந்தக் கேள்விகள் வரும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்வி, ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். நான் ஒரு விகிதக் கேள்விக்கே மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறேன்.

நான் தவறு செய்த மாதிரியிலேயே இரண்டு கேள்வி தருகிறேன். விடை முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் புதிதாக வருபவர்களுக்காக: ஏ என்றால் கூற்று 1 மட்டும் போதும், பி என்றால் கூற்று 2 மட்டும் போதும், சி என்றால் இரண்டும் சேர்ந்தால்தான் போதும், டி என்றால் தனித்தனியாகவே போதும், ஈ என்றால் சேர்த்தாலும் போதாது.

முதல் கேள்வி. ஒரு பயிற்சி வகுப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 5:7. வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்?
கூற்று 1: வகுப்பில் 30 பேருக்கு மேல், 40 பேருக்குக் கீழ் இருக்கிறார்கள்.
கூற்று 2: ஆண்களைவிடப் பெண்கள் 6 பேர் அதிகம்.

நான் பி என்று போட்டேன். சரியான விடை டி.

இரண்டாவது. ஒரு பெட்டியில் சிவப்புப் பந்துகளுக்கும் நீலப் பந்துகளுக்கும் உள்ள விகிதம் என்ன?
கூற்று 1: இன்னும் 4 சிவப்புப் பந்து போட்டால் இரண்டு நிறமும் சமமாகிவிடும்.
கூற்று 2: நீலப் பந்துகளில் பாதியை எடுத்துவிட்டால் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம் 3:2 ஆகும்.

இதற்கு சி என்று போட்டேன். தெரியாதது இரண்டு, அதனால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று நினைத்துவிட்டேன். சரியான விடை பி. விளக்கத்தைப் படித்தால் புரிகிறது, அடுத்த கேள்வியில் மறுபடியும் அதே இடத்தில் விழுகிறேன். கேள்வியைப் பார்த்ததும் நீங்கள் எதை முதலில் பார்க்கிறீர்கள்?

தொகுதி_பகுதி:

இரண்டையும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். உங்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வி எதைக் கேட்கிறது என்பதைப் பிரிக்காமலே கூற்றுக்குள் இறங்கிவிடுகிறீர்கள்.

விகிதத்தைப் பங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 5:7 என்றால் ஆண்கள் 5 பங்கு, பெண்கள் 7 பங்கு, மொத்தம் 12 பங்கு. ஒரு பங்கில் எத்தனை பேர் என்பதை மட்டும் விகிதம் சொல்லவே சொல்லாது. அந்த ஒன்றை 'க' என்று வைத்துக்கொண்டால் ஆண்கள் 5க, பெண்கள் 7க, மொத்தம் 12க, வித்தியாசம் 2க. க தெரிந்துவிட்டால் எல்லாமே தெரிந்துவிடும், க தெரியாவிட்டால் ஒரு எண்ணிக்கையும் தெரியாது, ஆனால் எந்தப் பின்னத்தையும் எந்த சதவீதத்தையும் தாராளமாகச் சொல்லலாம்.

அதனால் கேள்வியைப் படித்ததும் நான் பார்ப்பது இதைத்தான்: பங்கைக் கேட்கிறார்களா, எண்ணிக்கையைக் கேட்கிறார்களா? உங்கள் முதல் கேள்வி எண்ணிக்கையைக் கேட்கிறது, இரண்டாவது பங்கைக் கேட்கிறது. இரண்டுக்கும் வேண்டிய தகவல் வேறு வேறு ஜாதி.

அப்புறம் கூற்றுக்கு வருவோம். ஒவ்வொரு கூற்றிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இருக்கிற எண்ணிக்கை எல்லாவற்றையும் 10 மடங்காக்கினால் இந்தக் கூற்று அப்போதும் உண்மையாக இருக்குமா? இருக்கும் என்றால் அது பங்கைப் பற்றிய கூற்று, எண்ணிக்கையை அது ஒருநாளும் தராது. இருக்காது என்றால் அதில் எங்கோ ஒரு தனி எண் உட்கார்ந்திருக்கிறது, க-வைப் பிடிக்க அது உதவலாம்.

உங்கள் பந்துப் பெட்டியில் இதைச் செய்து பாருங்கள். 12 சிவப்பு, 16 நீலம் என்று வைத்துக்கொள்வோம். 4 சிவப்பு போட்டால் சமம், சரி. இப்போது 10 மடங்கு, 120 சிவப்பு, 160 நீலம். 4 சிவப்பு போட்டால் 124, சமம் இல்லை. கூற்று 1 உடைந்துவிட்டது. அது சொல்வதெல்லாம் நீலம் 4 அதிகம் என்பதுதான். சிவப்பு 1 நீலம் 5 ஆக இருக்கலாம், சிவப்பு 100 நீலம் 104 ஆகவும் இருக்கலாம், விகிதம் எங்கெங்கோ போகிறது. கூற்று 2-ஐப் பாருங்கள், 16-ல் பாதி 8, 12:8 என்றால் 3:2. பத்து மடங்கில் 160-ல் பாதி 80, 120:80, அதே 3:2. உடையவில்லை. சமன்பாடாக எழுதினாலும் சிவப்பு ÷ (நீலத்தில் பாதி) = 3/2, ஆக சிவப்பு ÷ நீலம் = 3/4. தெரியாதது இரண்டு இருந்தாலும் அவை இரண்டும் எங்களுக்கு வேண்டாம், அவற்றுக்கு இடையே உள்ள உறவு ஒன்று போதும் என்று கேள்வியே சொல்லிவிட்டது. உறவு ஒன்று கேட்டால் சமன்பாடும் ஒன்று போதும்.

முதல் கேள்வியில் கூற்று 2 நேரானது, 2க = 6, க = 3, மொத்தம் 36. கூற்று 1-ஐ ஏன் விட்டீர்கள் என்றால், வீச்சு கொடுத்தால் ஒரே விடை வராது என்று மனம் சொல்லிவிடுகிறது. ஆனால் இங்கே எண்ணப்படுவது ஆட்கள். அரை ஆள் கிடையாது. அதனால் க முழு எண், மொத்தம் 12-ன் மடங்கு. 12, 24, 36, 48. 30-க்கும் 40-க்கும் நடுவில் 36 ஒன்றுதான். இது எழுதப்படாத மூன்றாவது கூற்று மாதிரி, கேள்வியிலேயே ஒளிந்திருக்கும். ஆட்கள், புத்தகங்கள், பந்துகள் என்று எண்ணக்கூடிய பொருள் வந்தால் உடனே பங்குகளைக் கூட்டி ஓரத்தில் எழுதிவையுங்கள். லிட்டர், கிலோ, மணி நேரம் வந்தால் இந்தச் சலுகை இல்லை, 12க என்பது 31.2 லிட்டராகவும் இருக்கலாம்.

சுருக்கமாக: எண்ணிக்கை கேட்டால் தனி எண்ணைத் தேடுங்கள், பங்கு கேட்டால் தனி எண் இல்லாத கூற்றைத் தேடுங்கள்.

அரைக்கால்:

மேலே சொன்ன 10 மடங்கு சோதனை அருமை, நான் அதை அந்தப் பெயரில் செய்ததில்லை. ஆனால் கடைசி வரியை அப்படியே மனப்பாடம் செய்துவிடாதீர்கள். கூற்றில் எண் தெரிகிறதா என்று கண்ணால் தேடுவது ஒன்று, சோதனையைச் செய்து பார்ப்பது வேறு. இரண்டும் ஒரே விடை தராத இடங்களில்தான் மதிப்பெண் போகிறது.

ஒரு கேள்வி. ஒரு குழுவில் ஆண்கள் பெண்கள் விகிதம் 2:3. ஆண்கள் எத்தனை பேர்? கூற்று: 4 ஆண்களும் 6 பெண்களும் புதிதாகச் சேர்ந்தால் விகிதம் 2:3 ஆக இருக்கும்.

எண்ணிக்கை கேட்கிறார்கள், கூற்றில் 4, 6 என்று தனி எண்கள் இருக்கின்றன, போதும் என்று போட்டுவிடத் தோன்றும். சமன்பாடு எழுதுங்கள்: (2க + 4) ÷ (3க + 6) = 2/3. குறுக்கே பெருக்கினால் 6க + 12 = 6க + 12. க காணாமல் போய்விட்டது. 2:3 உள்ள கூட்டத்தில் 2:3 என்ற கணக்கிலேயே ஆட்களைச் சேர்த்தால் விகிதம் எப்படி மாறும்? எத்தனை பேர் இருந்தாலும் இது உண்மை, அதனால் இது தகவலே இல்லை. 10 மடங்கு சோதனை இதைப் பிடித்துவிடும் பாருங்கள். 20 பேர், 30 பேர் என்றாலும் 24:36, அதே 2:3. 200, 300 என்றாலும் 204:306, அதே 2:3. கூற்று உடையவில்லை. சோதனை செய்யும்போது கூற்றில் உள்ள 4-ஐயும் 6-ஐயும் 10 மடங்காக்கக் கூடாது, குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும்தான்.

இதே கேள்வியில் 4 ஆண்கள் 4 பெண்கள் சேர்ந்தால் விகிதம் 3:4 என்று கொடுத்திருந்தால் கதை வேறு. 4(2க + 4) = 3(3க + 4), 8க + 16 = 9க + 12, க = 4. ஆண்கள் 8, பெண்கள் 12. சேர்ந்த பிறகு 12:16. சமமாகச் சேர்த்தாலோ எடுத்தாலோ விகிதம் நகரும் (1:1 தவிர), நகர்ந்தது எவ்வளவு என்று சொல்லிவிட்டால் க வந்துவிடும். சமமாகப் பெருக்கினால் நகராது. இரண்டு பக்கமும் 20 சதவீதம் கூடியது என்று ஒரு கூற்று வந்தால் அது எண்ணிக்கை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். கூற்றில் எண் நிறைய இருக்கிறது, ஆனாலும் அது பங்கைத்தான் சொல்கிறது. ஒரு தேர்வு எழுதியவர்களில் ஆண்கள் பெண்கள் விகிதம் என்ன? கூற்று: ஆண்களின் சராசரி மதிப்பெண் எல்லோருடைய சராசரியைவிட 6 குறைவு, பெண்களின் சராசரி 9 அதிகம்.

சராசரி எவ்வளவு என்றே சொல்லவில்லை, ஆட்கள் எத்தனை என்றும் சொல்லவில்லை. முதல் தடவை இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு போதாது என்று போட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆணும் பொதுச் சராசரியிலிருந்து சராசரியாக 6 கீழே இழுக்கிறார், ஒவ்வொரு பெண்ணும் 9 மேலே இழுக்கிறார், தராசு நேராக நிற்க வேண்டும் என்றால் ஆண்கள் × 6 = பெண்கள் × 9. ஆண்கள் : பெண்கள் = 3:2. போதும். சோதனை இங்கேயும் ஒத்துப்போகிறது: இதே மதிப்பெண்களோடு ஒவ்வொருவருக்கும் பத்து பேர் இருந்தால் எந்தச் சராசரியும் மாறாது. 6-ம் 9-ம் ஆட்களோடு பெருக்கப்பட்டு நிற்கின்றன. உங்கள் பந்துக் கணக்கில் 4 மட்டும் பந்துகளோடு கூட்டப்பட்டுத் தனியாக நின்றது. வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று, மூன்று பொருள் வரும்போது. பேனா : பென்சில் = 2:3, பென்சில் : அழிப்பான் = 4:5 என்று வந்தால் பென்சில் 3-ன் மடங்காகவும் இருக்க வேண்டும், 4-ன் மடங்காகவும் இருக்க வேண்டும், ஆக 12-ன் மடங்கு. சேர்த்து எழுதினால் 8:12:15, மொத்தம் 35 பங்கு. மொத்தம் 60-க்குக் கீழ் என்று ஒரு சின்ன வரி கூட இருந்தால் 35 என்று முடிந்துவிடும். முதல் விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அழிப்பானைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. பேனா : அழிப்பான் கேட்டு, இந்த இரண்டு விகிதத்தையும் தனித்தனிக் கூற்றாகக் கொடுத்தால் அது நியாயமான சி. சி என்று போட்டு ஏமாந்த பிறகு சிலர் சி-யைப் பார்த்தாலே பயப்படுவார்கள், அதுவும் வேண்டாம்.

நிலாமுற்றம்:

நானும் இதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றவள், அதனால் எழுதுகிறேன். மேலே இரண்டு பேரும் சொன்னது ஆட்கள், பந்துகள் மாதிரி கணக்கு. சில கேள்விகளில் வெறும் எழுத்தைக் கொடுத்துவிட்டு விகிதம் கேட்பார்கள், அங்கே எதிர்ம எண் (பூச்சியத்துக்குக் கீழான எண்) என்ற ஒன்று வந்து சேரும். கேள்வியில் முழு எண் என்றோ மிகை எண் என்றோ சொல்லாவிட்டால் அவை எந்த எண்ணாகவும் இருக்கலாம்.

ப : ம = 2:3 என்று கேள்வியிலேயே தந்துவிட்டு ப-வின் மதிப்பு என்ன என்று கேட்கிறார்கள். கூற்று: ப × ம = 54. ப = 2க, ம = 3க, 6க² = 54, க² = 9. க = 3 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். க = −3 ஆகவும் இருக்கலாமே, அப்போது ப = −6, ம = −9, விகிதம் அதே 2:3, பெருக்கல் அதே 54. போதாது. 10 மடங்கு சோதனையோடு −1 மடங்கு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் −1 ஆல் பெருக்கியும் கூற்று உடையவில்லை என்றால் குறி தெரியவில்லை என்று அர்த்தம். ப, ம மிகை எண்கள் என்று கேள்வியில் ஒரு வார்த்தை இருந்தால் அதே கூற்று போதும். அந்த ஒரு வார்த்தையைப் படிக்காமல் தாண்டியதால் நான் இழந்த கேள்விகள் நிறைய.

இதன் அண்ணன் ஒன்று உண்டு. ப/ம என்ன? கூற்று: ப² − 5 × ப × ம + 6ம² = 0, ம பூச்சியம் அல்ல. தனி எண் இல்லை, 10 மடங்காக்கினால் ஒவ்வொரு உறுப்பும் 100 மடங்காகும், சமன்பாடு அப்படியே நிற்கும். பங்கைப் பற்றிய கூற்றுதான். ஆனால் ம² ஆல் வகுத்து, ப/ம-வை 'வி' என்று எழுதினால் வி² − 5வி + 6 = 0, வி = 2 அல்லது 3. பங்கைப் பற்றித்தான் பேசுகிறது, ஒரே பங்கைச் சொல்லவில்லை. போதாது. இதையே கொஞ்சம் மாற்றி வி² − வி − 6 = 0 என்று வரும்படி கொடுத்தால் வி = 3 அல்லது −2, மிகை எண்கள் என்று சொல்லியிருந்தால் 3 மட்டும், போதும். ஆக சோதனையில் உடையாத கூற்று பங்கைத் தரக்கூடிய கூற்று, அவ்வளவுதான். தருகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆமா இல்லையா வகைக் கேள்வியிலும் இதே குறிதான் காலை வாரும். ப/ம 1-ஐவிடப் பெரியதா, கூற்று: ப, ம-வைவிடப் பெரியது. ப = 6, ம = 3 என்றால் ஆமாம். ப = 3, ம = −3 என்றால் −1, இல்லை. போதாது. ம-வின் குறி தெரியாமல் அதைச் சமனின்மையின் மறுபக்கம் கொண்டுபோய்ப் பெருக்கக் கூடாது.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு பழக்கம். போதும் என்று தோன்றினால் உடனே கூற்று உண்மையாக இருக்கிற இரண்டு வேறு நிலையை உண்டாக்கப் பார்ப்பேன். விடை வேறு வேறாக வரும்படி இரண்டு நிலை கிடைத்துவிட்டால் போதாது. எவ்வளவு முயன்றும் இரண்டாவது கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்றும் தெரிகிறது என்றால் போதும். கூற்று 2-ஐப் பார்க்கும்போது கூற்று 1-ஐக் கையால் மூடிக்கொள்வேன், திரையில் படித்தாலும்கூட. முதல் கூற்றில் கிடைத்த 36 மனதில் ஒட்டிக்கொண்டு இரண்டாவதிலும் 36 தெரிவது மாதிரி இருக்கும்.

அதே 36 இன்னொரு விதத்தில் உதவும். இந்தத் தேர்வில் இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று முரண்படாது. ஒன்றில் 36 வந்து மற்றொன்றில் 48 மட்டும் வந்தால் நீங்கள் எங்கோ தவறிவிட்டீர்கள், திரும்பப் பாருங்கள்.

அப்புறம் 'மட்டுமே' என்ற சொல். ஒரு பையில் சிவப்பு : நீலம் = 2:3, மொத்தத்தில் சிவப்பு எவ்வளவு பங்கு? 2/5 என்று கை தானாக எழுதும். பையில் பச்சை இருக்கிறதா இல்லையா? இரண்டு நிறம் மட்டுமே என்று சொல்லாதவரை 2/5 கிடையாது.

ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள், நானே உண்டாக்கியது. ஒரு அலமாரியில் கதைப் புத்தகங்களும் கவிதைப் புத்தகங்களும் மட்டுமே இருக்கின்றன. கதை : கவிதை = 8:3. கவிதைப் புத்தகங்கள் எத்தனை?
கூற்று 1: 5 கதைப் புத்தகங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5 கவிதைப் புத்தகங்களை வைத்தால் விகிதம் 7:4 ஆகும்.
கூற்று 2: மொத்தப் புத்தகங்கள் 50-க்கு மேல், 70-க்குக் கீழ்.

கணக்குத்தோணி:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு முழுவதும் இதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவறிய 13 கேள்வியையும் எடுத்து ஒவ்வொரு கூற்றுக்கும் 10 மடங்கு சோதனை மட்டும் செய்தேன், முழுக் கணக்குப் போடவில்லை. 8 கேள்வியில் தவறு எங்கே என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த எட்டில் ஐந்து, பங்கு கேட்ட கேள்விக்கு நான் எண்ணிக்கையைத் தேடிக்கொண்டு போய் சி என்று போட்டவை. மீதி ஐந்தில் மூன்று முழு எண் விஷயம், இரண்டு எதிர்ம எண்.

அலமாரிக் கேள்வி. பங்கு 11, கேட்பது எண்ணிக்கை. கூற்று 1: பத்து மடங்காக்கினால் 5 புத்தகம் மாற்றியது போதாது, உடைகிறது. (8க − 5) ÷ (3க + 5) = 7/4. 32க − 20 = 21க + 35, 11க = 55, க = 5. கதை 40, கவிதை 15, மாற்றிய பிறகு 35:20, சரியாக 7:4. போதும். கூற்று 2: புத்தகங்கள் முழு எண், மொத்தம் 11-ன் மடங்கு, 55. போதும். இரண்டிலும் 55 வருகிறது, முரண்பாடு இல்லை. விடை டி.

நிலாமுற்றம்:

கூற்று 1 முழுக்கச் சரி. கூற்று 2-ல் 55-க்குப் பிறகு அடுத்த மடங்கு என்ன?

கணக்குத்தோணி:

66. அதுவும் 70-க்குக் கீழ்தான். கவிதை 15 அல்லது 18. போதாது, விடை ஏ.

எப்படி நடந்தது என்று தெரிகிறது. கூற்று 1-ல் 55 கிடைத்துவிட்டது, கூற்று 2-ல் 55 கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். கையால் மூடச் சொன்னீர்கள், மூடவில்லை.

தொகுதி_பகுதி:

வீச்சு கொடுத்திருந்தால் பொருந்துகிற முதல் மடங்கோடு நிறுத்தாமல், வீச்சைத் தாண்டும்வரை எழுதுங்கள். 44, 55, 66, 77. நான்கு எண் எழுத மூன்று நொடி. இரண்டு ஓரத்திலும் வெளியே விழுகிற எண்ணைப் பார்த்த பிறகுதான் உள்ளே எத்தனை இருக்கிறது என்று சொல்ல முடியும். பங்குகளின் கூட்டுத்தொகையைவிட வீச்சு அகலமாக இருந்தால் உள்ளே இரண்டு மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று முதலிலேயே சந்தேகப்படலாம். இங்கே பங்கு 11, வீச்சு 20. உங்கள் வகுப்புக் கேள்வியில் பங்கு 12, வீச்சு 10 தான், அங்கே ஒன்றுக்கு மேல் வரவே முடியாது.

என் பழைய பதிலின் கடைசி வரியை அரைக்கால் திருத்தியதும் சரிதான், 4-க்கு 6 உதாரணம் எனக்கே நல்ல பாடம். சோதனையைச் செய்யுங்கள், எண்ணைத் தேடாதீர்கள் என்று அதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அரைக்கால்:

கூற்று 1-க்குச் சமன்பாடே வேண்டாம், நேரம் போகிறது என்று சொன்னீர்களே, அதற்காகச் சொல்கிறேன். 5 எடுத்து 5 வைத்ததால் மொத்தம் மாறவில்லை. முன்பு 8:3, கூட்டினால் 11 பங்கு. பின்பு 7:4, அதுவும் 11 பங்கு. மொத்தமும் அதே, பங்குகளும் அதே, ஆக ஒரு பங்கின் அளவும் அதே. கதை 8 பங்கிலிருந்து 7 பங்காகக் குறைந்தது, அதாவது ஒரு பங்கு போனது, போனது 5 புத்தகம். ஒரு பங்கு 5. பேனாவைத் தொடாமலே போதும் என்று சொல்லலாம்.

பின்பு உள்ள விகிதத்தின் கூட்டுத்தொகை வேறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உதாரணமாக மாற்றிய பிறகு 7:4-க்குப் பதில் 1:1 என்று கொடுத்திருந்தால் 11-ம் 2-ம், பொது மடங்கு 22. 16:6 என்பது 11:11 ஆகிறது, 5 பங்கு நகர்ந்தது, 5 புத்தகம், அப்போது ஒரு சின்னப் பங்கு 1. கவிதை 6. மொத்தம் மாறாத எல்லாக் கேள்விக்கும் இது செல்லும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் மொத்தம் மாறும், அப்போது மாறாமல் நிற்கிற பக்கத்தின் பங்கைச் சமப்படுத்துங்கள்.

கணக்குத்தோணி:

இதை இப்போதுதான் என் பந்துக் கேள்வியில் போட்டுப் பார்த்தேன். விகிதம் 3:4 என்று தெரிந்த பிறகு, 4 சிவப்பு போட்டால் 4:4, நீலம் மாறவில்லை, சிவப்பு ஒரு பங்கு கூடியது, ஒரு பங்கு 4, ஆக 12-ம் 16-ம். எண்ணிக்கை கேட்டிருந்தால் அங்கே சி-தான் சரியான விடையாக இருந்திருக்கும், இல்லையா?

அரைக்கால்:

ஆமாம். கூற்று இரண்டும் அதேதான், கேள்வி மட்டும் மாறினால் பி சி ஆகிவிடும். மீதி இருக்கிற கேள்விகளிலும் இப்படிக் கேள்வியை மட்டும் மாற்றி இரண்டு தடவை போட்டுப் பாருங்கள், 6 வாரம் தாராளமாகப் போதும்.